கருவுறுமுன் மருத்துவரை நாடல்: தமிழகத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

தமிழகத்தில் பிள்ளைப்பேற்றுக்கென மருத்துவமனை எழுந்து 180 ஆண்டுகள் கடந்துவிட்டன. எனினும், கருவுறுவதற்கு முன்பே கணவனும் மனைவியும் மருத்துவரை நாடி ஆலோசனை கேட்கும் வழக்கத்துக்கு அத்தனை வயதில்லை. அவ்வழக்கத்தின் வரலாற்றை ஆராய்வோர் இரண்டு வினாக்களைத் தொடர்ந்து எழுப்ப வேண்டியிருக்கிறது: பிள்ளை வேண்டுவோர் யாரிடம் சென்று கேட்டனர் என்பது ஒன்று, கேட்கச் சென்ற இடத்தில் யாருடைய உடல் ஆராயப்பட்டது என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கான விடை காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்க, இரண்டாம் வினாவுக்கான விடை மிக அண்மைக்காலம் வரை மனைவியின் உடல் என்பதாகவே நீடித்தது.

இதற்கு அறிவுக்குறை மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. சுசுருத சங்கிதையில் உடலமைப்பை விளக்கும் சாரீரஸ்தானம் என்னும் பகுதி, கரு உருவாக நான்கு கூறுகள் பொருந்த வேண்டும் என்கிறது: ருது எனப்படும் உரிய காலம், க்ஷேத்திரம் எனப்படும் கருப்பை, அம்பு எனப்படும் ஊட்டச்சாறு, பீஜம் எனப்படும் வித்து. சரக சங்கிதை பெண்ணின் கருவழி நோய்களை 20 என வகுத்ததோடு, ஆணின் விந்துக் குறைகளையும் எட்டு வகையாகப் பிரித்துச் சிகிச்சை கூறியது. ஆனால் மனுநூலும் அர்த்தசாஸ்திரமும், மகப்பேறில்லாத மனைவிக்காகக் கணவன் எட்டு ஆண்டுகள் காத்திருந்துவிட்டு வேறு மணம் செய்துகொள்ள இடமளித்தன. மருத்துவ நூல்கள் இருவரையும் நோக்கின; தரும நூல்கள் ஒருத்தியை மட்டுமே நோக்கின; குடும்பங்களின் நடைமுறையோ பின்னதையே பெரிதும் ஒத்திருந்தது.

பிள்ளை வேண்டி ஆலோசனை கேட்டல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குச் சைவ மரபு ஓர் அரிய சான்றைத் தருகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் மெய்கண்டாரின் பிறப்பு பற்றிய அந்த மரபின்படி, திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் தமக்குப் பிள்ளையில்லாத குறையைக் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் தெரிவிக்க, அவர் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். ஏட்டுக்கட்டினுள் நூல்கயிற்றைச் செருகி, அது விழுந்த ஓலையிலுள்ள பாடலைக் குறியாகக் கொள்ளும் முறையே கயிறு சாத்துதல் ஆகும். திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவோர் பிள்ளைப்பேறு அடைவர் என்னும் கருத்துடைய சம்பந்தர் பாடல் வரவே, களப்பாளர் தம் மனைவியுடன் அத்தலம் சென்று வழிபட்டு மகனைப் பெற்றார். இம்மரபில் கற்றவர் ஒருவரை அணுகுதலும், அவர் நூலைக் கொண்டு வழி கூறுதலும், கூறிய வழியைத் தம்பதியர் இருவரும் சேர்ந்தே கடைப்பிடித்தலும் இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது.

ஊர்ப்புறத்து வழக்கில் அந்தக் கூட்டுப்பொறுப்பு பெரும்பாலும் மனைவியின் தலையில் மட்டும் இறங்கியது. அரசமரத்தைச் சுற்றுதல், நாகக்கல் நடுதல், கோயில் மரத்தில் தொட்டில் கட்டுதல், திருக்கருகாவூர் கருக்காத்த நாயகியின் சன்னிதியில் நெய்ப் பிரசாதம் பெறுதல் ஆகியவற்றோடு, நாடி பார்த்து மருந்து கொடுக்கும் சித்த வைத்தியரின் சூரணமும் லேகியமும் சேர்ந்தே நடந்தன. நேர்த்திக்கடனும் மருந்தும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதப்படவில்லை. மாதவிலக்கைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவதற்கு ஊரில் இருந்தவள் மருத்துவச்சி ஒருத்தியே. பிள்ளைப்பேறு பார்ப்பது பரம்பரைத் தொழிலாக அமைந்த குடும்பத்துப் பெண்ணான அவள், வயிற்றை நீவிப் பார்த்தும் கைமருந்து சொல்லியும் உதவினாள். ஆயினும், கணவனை அழைத்து வைத்துக் கேள்வி கேட்கும் தகுதியைச் சாதி அடுக்கு அவளுக்கு வழங்கவில்லை.

ஆங்கில மருத்துவத்தின் வருகை இந்நிலையை உடனே மாற்றிவிடவில்லை. 1844இல் சென்னையில் தொடங்கப்பட்டு, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு மகப்பேறு மருத்துவமனையின் நோக்கம், பிள்ளை பெறும் வேளையில் தாயைச் சாவிலிருந்து காப்பதாக இருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மான்செல் எழுதிய மகப்பேற்று நூலை 1857இல் தமிழாக்கி வெளியிட்டதும் அதே தேவையை முன்னிட்டதாகும். பிள்ளை பெறுவதற்கே ஆண் மருத்துவர் கைபடக் கூடாது என்று எண்ணிய குடும்பங்கள், பிள்ளை உண்டாகவில்லை என்ற குறைக்காக மருமகளை அங்கே அனுப்புவது அரிதாகவே இருந்திருக்கும்.

அத்தடையை உடைத்தவர்கள் பெண் மருத்துவர்கள். வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்து, இங்குள்ள பெண்கள் மருத்துவ உதவியின்றித் துன்புறுவதைக் கண்ட மேரி ஷார்லீப், அறுவை மருத்துவத் தலைவர் எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவோடு 1875இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கும் பின்னர் லண்டனிலும் கற்றுத் திரும்பியபின், 1885இல் சாதிவரம்பும் கோஷா என்னும் திரையொழுக்கமும் உடைய பெண்களுக்கான விக்டோரியா மருத்துவமனை தோன்றக் காரணமானார். இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குவது அதுவே. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ஐ ஒட்டித் தொடங்கிய பணியும், 1918இல் அங்கே அவர் நிறுவிய பெண்கள் மருத்துவப் பள்ளியும் உள்நாட்டுப் பெண்களையே மருத்துவர்களாக்கின. பெண் மருத்துவரின் அறை என்று ஒன்று ஏற்பட்ட பிறகே, பிள்ளையின்மை வாய்விட்டுச் சொல்லத்தக்க நோயாயிற்று.

ஆனால் அக்காலத்து மேலை மருத்துவரிடமும் சொல்வதற்குத் தெளிவான விடை இல்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர் பலர், விலங்குகளின் பருவ வேட்கையோடு மாதவிலக்கை ஒப்பிட்டு, அதையொட்டிய நாள்களே கருத்தரிப்புக்கு ஏற்றவை என நம்பி, பிள்ளை விரும்பியோருக்குப் பிழையான நாள்களைப் பரிந்துரைத்தனர். ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னவுஸும் 1920களில் தனித்தனியே ஆராய்ந்து, கருமுட்டை அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னர் வெளிப்படுகிறது என்று காட்டிய பின்னரே அப்பிழை நீங்கியது. மாதவிலக்கு தொடங்கியது முதல் 16 இரவுகளைக் கணக்கிட்டு, அவற்றுள் முதல் நான்கை விலக்கிய மனுநூலின் கணக்கு, அந்த ஐரோப்பியக் கணக்கைவிட உண்மைக்கு அருகில் நின்றது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அதே பதிற்றாண்டுகளில்தான் சோதனைகளும் உருவாயின. கருப்பைக்குள் வாயுவைச் செலுத்திக் கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று அறியும் முறையை நியூயார்க்கின் இசிடோர் ரூபின் 1920இல் அறிவித்தார். மை போன்ற பொருளைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை அதனோடு சேர்ந்து வளர்ந்தது. இந்தியாவில் இச்சோதனைகள் வெளிக்கொணர்ந்த காரணங்களுள் முக்கியமானது காசநோய்: நுரையீரலில் அறிகுறி எதுவும் காட்டாமலே அக்கிருமி கருக்குழாயைச் சிதைத்து அடைத்துவிடக்கூடும் என்பதால், கருப்பையின் உட்படலத்தைச் சிறிது சுரண்டி எடுத்து ஆராய்வது இந்நாட்டு மருத்துவர்களின் வழக்கமாயிற்று. ஆணின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பது இவை அனைத்தினும் எளிது, செலவும் குறைவு. அதன் முறைகள் 1930க்குள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துவிட்டன. இருந்தும் மனைவிக்கு எல்லாச் சோதனைகளும் முடிந்தபிறகே, சில வேளை கணவன் இரண்டாம் மணம் செய்து அதிலும் பிள்ளையில்லாமல் போன பிறகே, அந்த எளிய சோதனைக்கு முறை வந்தது.

விடுதலைக்குப் பின் அரசின் கவனம் நேர்எதிர்த் திசையில் சென்றது. 1952இல் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை இந்தியா தொடங்கியதும், கருவுறுதல் பற்றிய அரசு ஆலோசனை என்பது பெரும்பாலும் கருவைத் தவிர்ப்பது பற்றிய ஆலோசனையாகவே அமைந்தது. ஆணுக்குரிய கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை வழங்குவதில் 1950களிலேயே முனைந்து நின்றது சென்னை மாநிலம். பிள்ளைப்பேற்றை நிறுத்துவதற்காக மருத்துவமனை வாசலுக்கு ஆண்களை அழைத்துவர அரசால் முடிந்தது. பிள்ளை இல்லாத குறைக்காக அவர்களை அழைத்துவர எந்த நிறுவனமும் முயலவில்லை. மக்கள்தொகைப் பெருக்கமே சிக்கல் என்று பேசப்பட்ட காலத்தில் பிள்ளையின்மை தனிவீட்டின் துயரமாகக் கருதப்பட்டு, அதற்கான சிகிச்சை தனியார் கைக்குச் சென்றது.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண்குழந்தை பிறந்தும், அரசு அமைத்த குழு அவரது கூற்றை ஏற்க மறுத்தது. 1986இல் மும்பையிலும், 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் சென்னையிலும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் பிறந்த பின்னரே தென்னாட்டுத் தம்பதியர்க்கு இவ்வழி எட்டும் தூரத்துக்கு வந்தது. ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் கருத்தரித்த வெற்றியை 1992இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்தது மற்றொரு திருப்பம்: ஆணின் குறைக்கும் மருந்துண்டு என்றானதால், அக்குறையை ஒப்புக்கொள்வது எளிதாயிற்று. ஓராண்டு முயன்றும் கருவுறாவிடில், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரையும் ஒருங்கே ஆராய வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி.

சிகிச்சை பெருகியதோடு விளம்பரமும் கடன்சுமையும் பெருகின. உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் நிறைவேறி, பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும் ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு விதித்தது. சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் முன்கூட்டியே விளக்கும் ஆலோசனையை அளிப்பது மருத்துவமனையின் கடமை என்றும் வரையறுத்தது. குலகுருவும் மருத்துவச்சியும் நம்பிக்கையின் பேரில் வழங்கிவந்த ஆலோசனை, இவ்வாறு சட்டத்தின் பேரில் கேட்டுப் பெறத்தக்க உரிமையாயிற்று.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு கூறு இன்னும் முழுமை பெறவில்லை. குறை எதுவும் தோன்றுமுன்பே மருத்துவரைக் காணச் செல்வோருக்கு முதலில் எழுதித்தரப்படுவது ஃபோலிக் அமில மாத்திரை. அதன் கதை சென்னையோடும் தொடர்புடையது: கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை மும்பையிலும் குன்னூரிலும் ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்ட லூசி வில்ஸ், அவ்வாண்டின் தொடக்கத்தில் மேற்கூறிய சென்னை கோஷா மருத்துவமனையில் பணியாற்றியவர்; அச்சாற்றின் பயனுக்குக் காரணமான சத்தே பின்னாளில் ஃபோலிக் அமிலமெனப் பெயர்பெற்றது. கருவுறுமுன் தொடங்கி அதை உட்கொள்வது, தண்டுவடமும் மூளையும் உருவாகும் நரம்புக்குழலின் குறைபாடு மீண்டும் நேர்வதை ஏறத்தாழ 72 விழுக்காடு தடுக்கிறது என்று 1991இல் பிரித்தானிய ஆய்வு நிறுவியது. அக்குழல் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அரசு மருத்துவமனையில் கர்ப்பப் பதிவோ, நாள் தள்ளிப்போய்க் கரு உறுதியான பிறகே நடைபெறுகிறது. பிள்ளைப்பேற்றைக் குறியாகக் கொண்டு 1844இல் அமைந்த ஏற்பாட்டின் தடம் இதில் இன்னும் தெரிகிறது. நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இளவயதிலேயே பரவிவரும் தமிழகத்தில், அப்பதிவு ஏட்டின் முதல் பக்கம் கருவுறுமுன் எழுதப்படுமானால்தான், பிள்ளையில்லாதோர் மட்டுமே நாடும் இடம் என்ற பெயர் மருத்துவரின் ஆலோசனை அறையை விட்டு நீங்கும்.