கொடையும் கடமையும்: மொழிப்பாடத்தில் கற்கவேண்டிய ஒரு வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மாலை வகுப்பில் ஒருநாள் மாணவர்க்குக் குறிப்பேடுகள் வழங்கப்பெற்றன. அவற்றின் மேலட்டையில், அளித்த நிறுவனத்தின் பெயரும் 'சமூகப் பொறுப்புத் திட்டம்' என்னும் சொற்களும் அச்சாகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இதனை அவர்கள் மனமிரங்கித் தருகிறார்களா, அல்லது தந்தே ஆகவேண்டுமா?" என்று வினவினாள்.

அவ்வினாவுக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. கொடை என்றால் பெறுபவர் கைகூப்ப வேண்டும். கடமை என்றால் நிமிர்ந்து நின்று பெறலாம். பிறர் கை மேலேயும் நம் கை கீழேயும் இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டுப் பல தலைமுறைகள் வாழ்ந்த நமக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. அதனைத் தெளிவுறுத்தும் இடம் எது என்று ஆராய்ந்தபோது, அது பள்ளியின் மொழிப்பாட வகுப்பே என்னும் முடிவுக்கு வந்தோம். பெரு நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை உலகம் தொழிலாளரின் போராட்டத்தாலும் எழுத்தாளரின் பேனாவாலும் கற்றுக்கொண்டது. அவ்வரலாற்றின் சில பகுதிகளை நம் இளைஞர்முன் வைக்க விழைகிறோம்.

சிகாகோவின் இறைச்சிக் கூடங்கள்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்தோர் 1904-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். அவ்வாண்டின் இறுதியில் அப்டன் சிங்க்ளேர் என்னும் இருபத்தாறு அகவை இளைஞர் அங்குச் சென்று, ஏறத்தாழ ஏழு வாரம் தங்கி, தொழிலாளரின் இல்லங்களையும் தொழிற்கூடங்களையும் நேரிற் கண்டார். கண்டவற்றை நாவலாக்கினார். 'தி ஜங்கிள்' என்னும் அந்நாவல் 1905-இல் 'அப்பீல் டு ரீசன்' என்னும் வார இதழில் தொடராக வந்து, 1906 பிப்ரவரியில் நூலாயிற்று.

லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யர்கிஸ் என்னும் தொழிலாளியின் கதை அது. அவன் தவணைமுறையில் வீடு வாங்கி ஏமாறுகிறான். வேலையிடத்தில் காயமுற்றுக் கூலியிழக்கிறான். மனைவியையும் மகனையும் பறிகொடுக்கிறான். இத்துயரங்களுக்கு நடுவே, கெட்ட இறைச்சியும் எலிகளும் உணவுப் பண்டத்தில் கலந்துபோன செய்தியையும் சிங்க்ளேர் எழுதியிருந்தார்.

நாடு கொதித்தெழுந்தது. குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் இருவரை அனுப்பி உண்மையை ஆராயச் செய்தார். 1906 ஜூன் 30-ஆம் நாள் இறைச்சி ஆய்வுச் சட்டமும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமும் ஒருங்கே கையொப்பமாயின. ஒரு நாவல் நூலாக வெளிவந்த சில திங்களில் இத்தகைய மாற்றம் நேர்ந்தது வியப்புக்குரியதே.

ஆயினும் கூர்ந்து நோக்குக. அச்சட்டங்கள் இறைச்சியை உண்பவரைக் காத்தன; இறைச்சியை வெட்டியவரைக் காக்கவில்லை. கூலி உயரவில்லை, கை இழந்தவனுக்கு ஈட்டுத்தொகை கிடைக்கவில்லை. ஆய்வாளரின் செலவும் முதலாளிகளின்மேல் சுமத்தப்படாமல் அரசுக் கருவூலத்தின்மேல் விழுந்தது. மக்களின் இதயத்தைக் குறிவைத்தும் தம் அம்பு வயிற்றிலே பாய்ந்துவிட்டதாகச் சிங்க்ளேரே வருந்தினார்.

அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இந்நாவல் மொழிப்பாடத்திலும் வரலாற்றுப் பாடத்திலும் படிக்கப்பட்டு வருகிறது. நாவலையும் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்த மாணவன் ஒரு வினாவைக் கற்றுக்கொள்கிறான். நிறுவனம் ஒன்று திருந்தியதாகச் சொல்லப்படும்போது, யார் காக்கப்பட்டார், யார் விடப்பட்டார் என்பதே அவ்வினா.

நல்ல நூலிலும் நாம் காணவேண்டிய குறை

இந்நாவலை நம் இளைஞர்கள் படிக்கும்போது ஒரு செய்தியை மறத்தலாகாது. புலம்பெயர்ந்த வெள்ளைத் தொழிலாளரின் துயரை இவ்வளவு உருக்கமாக எழுதிய சிங்க்ளேர், வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களை இழிவாகவே தீட்டினார். அவர்களும் வறியவர்களே என்பதோ, தொழிலும் தொழிற்சங்கமும் அவர்களுக்குக் கதவடைத்திருந்தன என்பதோ அவர் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை.

இது நமக்கு அயலான செய்தியன்று. 1921-இல் சென்னை பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் வேலைநிறுத்தத்தில் நின்ற பிறருக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல் மூண்டது, குடிசைகள் தீக்கிரையாயின. ஆலைக்குள் ஒன்றாக உழைத்தவர்கள் ஆலைக்கு வெளியே சேரிக்காரராகவும் ஊராராகவும் பிரிந்து கிடந்தனர். ஊரார் நம்மை ஒதுக்கி வைத்துவிட்டு, போராட்ட நாளில் மட்டும் உடன் நிற்கவில்லையே என்று சினந்தால் அது அறமாகுமா? அதேபோழ்து, அப்பிளவினால் பயனடைந்தவர் யார் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிகாகோவில் பிற்காலத்தில் இதற்கு மாற்று வழி பிறந்தது. 1943-இல் அமைந்த இறைச்சித் தொழிலாளர் ஒன்றியச் சங்கம் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே அணியில் திரட்டிற்று. நாவல் காணத் தவறிய ஒற்றுமையைத் தொழிலாளர்கள் தாமே உருவாக்கினர். ஆதலின் எந்நூலையும் தலைவணங்கிப் படிக்காமல், நம் கண்கொண்டு படிக்கவேண்டும் என்கிறோம்.

ஆனைமலையின் தேயிலைத் தோட்டம்

நம் மக்களின் கதையைச் சொன்ன நூலும் உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அங்கு அறிந்தவற்றை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969-இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' திரைப்படம் இந்நூலைத் தழுவியதே.

திருநெல்வேலிச் சீமையின் வறுமையிலிருந்து மேஸ்திரியின் ஆசைச்சொல்லை நம்பி மலையேறும் கருப்பன், வள்ளி என்னும் தாழ்த்தப்பட்ட இணையரின் கதை அது. வாங்கிய முன்பணம் ஆண்டுகள் கடந்தும் தீரவில்லை. அட்டையும் மலைக்காய்ச்சலும் உயிர் குடித்தன. பெண்களின் மானத்துக்குக் காப்பில்லை. ஊர் திரும்ப வழியுமில்லை.

இக்கதையை வரலாற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அதனைக் குற்றமாக்கிச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த சட்டம் 1859-இல் ஆங்கிலேயரால் இயற்றப்பட்டது. கடன்பட்டவனைக் குற்றவாளியாக்கிய அச்சட்டத்தை நீக்க 1925-இல்தான் மற்றொரு சட்டம் பிறந்தது. விடுதலைக்குப்பின் 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பு என வகுத்தது. அதற்குமுன் ஒரு துரை கட்டித்தந்த பள்ளி அவர் கருணை. அதன்பின் அது தொழிலாளியின் உரிமை. கட்டடம் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல.

எழுதியும் கேளாத ஊர்

எழுதப்பட்டதெல்லாம் பயன் தந்தது என்று நாம் கூறவில்லை. போபால் நகரில் யூனியன் கார்பைடு நச்சு ஆலையின் பாதுகாப்புக் குறைகளை ஆராய்ந்த இதழாளர் ராஜ்குமார் கேஸ்வானி, 'ரபட்' என்னும் தம் சிறிய இந்தி வார இதழில் 1982-ஆம் ஆண்டிலேயே எச்சரித்து எழுதினார். நகரம் எரிமலையின் விளிம்பில் இருக்கிறது என்று உரைத்தார். கேட்பார் இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு ஆலையிலிருந்து கசிந்த நச்சுக்காற்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. ஆலையை அடுத்திருந்த குடிசைவாழ் மக்களே அதற்குப் பெரிதும் இரையாயினர்.

சிங்க்ளேரின் நாவல் வெற்றி கண்டதற்கு அதனைப் படித்த பெருங்கூட்டமும் ஒரு காரணம். கேஸ்வானியின் எழுத்துக்கு அக்கூட்டம் வாய்க்கவில்லை. எழுதுகின்றவன் ஒருவன் இருந்தால் போதாது. படித்துப் புரிந்துகொண்டு வினா எழுப்பும் மக்களும் வேண்டும். அத்தகைய மக்களை உருவாக்குவதே மொழிப்பாடத்தின் பணி.

மாணவிக்கு நாம் கூறும் விடை

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் என்னும் மூன்று வரம்புகளுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று அது கூறுகிறது. அப்பணிகளுள் கல்வியும் ஒன்று. தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் காரணம் கூறினால் போதும் என்றிருந்தது. 2021 முதல், செலவிடாத தொகையைச் சட்டம் குறித்த நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றவேண்டும். தவறினால் தண்டம் உண்டு.

ஆகவே, மகளே, வரம்பை எட்டிய நிறுவனம் அத்தொகையைச் செலவிடுவது சட்டம் விதித்த கடமை. அக்குறிப்பேட்டை நீ நிமிர்ந்து நின்றே பெறலாம். நன்றி கூறுவது பண்பு, தலைகுனிவது தேவையன்று.

விடை அத்துடன் முடியவில்லை. அந்த 2 விழுக்காடு, இலாபம் ஈட்டியபின் செய்யும் செலவு. அவ்விலாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது? தொழிலாளிக்குச் சட்டப்படி கூலி கிடைத்ததா? கழிவுநீர் யாருடைய கிணற்றில் கலந்தது? சாக்கடைக்குள்ளும் கழிவுத்தொட்டிக்குள்ளும் இறக்கப்பட்டவர் யாருடைய பிள்ளை? குறிப்பேட்டு அட்டை இவற்றைக் கூறாது. தொழிலாளிக்குச் சேரவேண்டியதைக் குறைத்துவிட்டு அவன் மகளுக்குக் குறிப்பேடு தருவது பொறுப்பாகாது.

நம் மாலை வகுப்புகளில் இனி மூன்று பணிகளைத் தொடங்க எண்ணியுள்ளோம். முதலாவது, 'எரியும் பனிக்காடு' போன்ற நூல்களையும், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வைக் கூறி 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் 'தோல்' நாவலையும் மாணவரோடு கூடிப் படித்தல். இரண்டாவது, தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்த நம் தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்தம் வரலாற்றை மாணவரைக் கொண்டே எழுதச் செய்தல். மூன்றாவது, நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளைப் படித்து, ஐயங்களை நல்ல தமிழில் கடிதமாக எழுதப் பழக்குதல். கதை, கட்டுரை, கடிதம் என்னும் இம்மூன்றும் பாடநூலில் உள்ளவையே.

இது நமக்குப் புதிய வழியுமன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் இதழ் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் நடுவிலிருந்து அவர்கள் அச்சுக்கூடம் வரை சென்றனர். அவர்கள் வழியில் நம் இளைஞர் நடக்க வேண்டும். அன்று வழங்கப்பட்ட குறிப்பேடுகளின் முதல் பக்கத்தில் அம்மாணவியின் வினாவையே எழுதிக்கொள்ளுமாறு மாணவர் அனைவருக்கும் கூறியுள்ளோம். எஞ்சிய பக்கங்களை அவர்கள் நிரப்புவார்கள் என்னும் நம்பிக்கை நமக்கு உண்டு.