வாசிப்பும் நிகழ்த்துதலும்: தற்காலத் தமிழ்க் குறுநாடகங்களை நயம் காணும் நெறி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தற்காலத் தமிழ் நாடகாசிரியர்கள் எழுதிய மேடைக்குறுநாடகங்கள் இன்று பெரும்பாலும் பாடநூல் வழியாகவே அறியப்படுகின்றன. கதை, பாத்திரப் படைப்பு, உரையாடல், கருத்து என்னும் அளவுகோல்களைக் கொண்டு அவை மதிப்பிடப்படுகின்றன. இவ்வளவுகோல்கள் எவ்வாறு உருவாயின என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1968 முதல் 1980 வரையிலான காலப்பகுதியில் நவீன நாடகப் பிரதியும் நவீன அரங்கும் தனித்தனியே தோன்றிப் பின்னர் இணைந்தன. அம்முறையை நா. முத்துசாமியின் தொடக்ககால நாடகங்களை முன்வைத்து விளக்கி, குறுநாடக நயம் காண்பதற்குரிய அடிப்படைகள் சிலவற்றை முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: குறுநாடகம், நவீன அரங்கு, சிறுபத்திரிகை, கூத்துப்பட்டறை, நிகழ்த்துப் பிரதி.

முன்னுரை

சிறுகதையைப் படிப்பவர் அதன் முழுமையைப் படித்து விடுகிறார். நாடகப் பிரதியைப் படிப்பவரோ இன்னும் நிகழாத ஒன்றின் முன்வரைவையே படிக்கிறார். இவ்வேறுபாடு அனைவரும் அறிந்ததே. ஆயினும், தமிழ் இலக்கிய வகுப்புகளில் நாடகம் கற்பிக்கப்படும் முறையிலும், நாடகங்கள் குறித்து எழுதப்படும் ஆய்வேடுகளிலும் இவ்வேறுபாடு போதிய அளவு கருதப்படுவதில்லை. கதைச்சுருக்கம் கூறி, பாத்திரங்களை வகைப்படுத்தி, ஆசிரியர் உணர்த்தும் கருத்தை எடுத்துரைப்பதுடன் திறனாய்வு நிறைவடைந்து விடுகிறது.

நெடுநாடகத்தில் இம்முறை ஓரளவு பயன்தரும். அங்கே கதைப்பின்னலும் பாத்திர வளர்ச்சியும் விரிவாக அமைந்திருக்கும். குறுநாடகத்தில் இவை மிகச் சுருங்கியோ முற்றிலும் இல்லாமலோ இருக்கலாம். அதனால், சிறந்த குறுநாடகங்கள் சில, 'புரியவில்லை' என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்படும் நிலை ஏற்பட்டுள்ளது. குறை நாடகத்தில் உள்ளதா, அதனை அளக்கும் கோலில் உள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1891: இரு நாடக வழிகள்

தமிழ் நாடக வரலாற்றில் 1891 குறிப்பிடத்தக்க ஆண்டு. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அவ்வாண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முன்னது செய்யுள் வடிவில் அமைந்து, படிப்பதற்குரிய நாடகமாகவே பெரிதும் போற்றப்பட்டது. பின்னது கற்றவர்களைப் பயில்முறை நடிகர்களாக மேடைக்குக் கொண்டுவந்தது. இவ்விரண்டிற்கும் அப்பால், சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோரால் வளம்பெற்ற தொழில்முறை இசை நாடகக் குழுக்கள் ஊர்தோறும் இரவு முழுவதும் நாடகங்களை நிகழ்த்தி வந்தன.

கல்விப்புலம் இவற்றுள் முதல் வழியையே பெரிதும் தனதாக்கிக் கொண்டது. மனோன்மணீயம் பாடநூலாயிற்று, அதனைக் கற்பிப்பதற்கு உருவான காப்பிய வாசிப்பு முறையே நாடக வாசிப்பின் பொது முறையாகவும் நிலைபெற்றது. மேடை வழக்கு, நடிகரின் குரல், அரங்கின் அமைப்பு ஆகியவை இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு வெளியே நின்றன.

சுருங்கிய வடிவ நாடகத்திற்கு அடுத்த களமாக அமைந்தது வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. ஒலிபரப்பின் கால எல்லை சுருக்கமான நாடகங்களுக்கு இடமளித்தது. ஆனால், அங்கே காட்சி இல்லை. அனைத்தையும் உரையாடலே சுமக்க வேண்டியிருந்தது. இதழ்களில் அச்சான ஓரங்க நாடகங்களும் உரையாடல் வடிவிலான கதைகளாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டன. இவ்வாறு, தமிழில் குறுநாடகம் அச்சாகவும் குரலாகவுமே முதலில் பழகிப்போயிற்று. உடலும் வெளியும் அதன் இன்றியமையாக் கூறுகள் என்னும் எண்ணம் வேரூன்றவில்லை.

அரங்கிற்கு முன் வந்த பிரதி

1960களின் இறுதியில் நிலைமை மாறத் தொடங்கிற்று. சபா மேடைகளில் நகைச்சுவைத் துணுக்குகளும் குடும்பக் கதைகளும் கோலோச்சிய அக்காலத்தில், புதிய நாடக எழுத்துக்குச் சிறுபத்திரிகைகளே இடமளித்தன. சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியால் வெளிவந்த 'நடை' இதழில் நா. முத்துசாமியின் 'காலம் காலமாக' வெளியாயிற்று. தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை என்னும் ஊரில் 1936-இல் பிறந்த முத்துசாமி அதற்குமுன் சிறுகதையாசிரியராக அறியப்பட்டவர். அவருடைய 'நாற்காலிக்காரர்' நாடகத்தைக் க்ரியா பதிப்பகம் நூலாக வெளியிட்டது. 'சுவரொட்டிகள்', 'உந்திச்சுழி' முதலியவை அவருடைய பிற நாடகங்களாகும். இதே காலப்பகுதியில் இந்திரா பார்த்தசாரதி 'மழை', 'போர்வை போர்த்திய உடல்கள்' ஆகியவற்றை எழுதினார்.

இங்கே ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. 'காலம் காலமாக' எழுதப்பட்டபோது அத்தகைய நாடகத்தைத் தொடர்ந்து நிகழ்த்தும் குழு எதுவும் தமிழகத்தில் நிலைபெற்றிருக்கவில்லை. மேடைக்கென எழுதப்பட்ட பிரதி, மேடை இன்மையால் இலக்கியப் பிரதியாகவே முதலில் புழங்கிற்று. அதன் முதல் வாசகர்கள் புதுக்கவிதையையும் நவீனச் சிறுகதையையும் படித்துப் பழகியவர்கள். ஆகவே, படிமம், குறியீடு, அபத்தம் என்னும் சொற்களால் அந்நாடகங்கள் பேசப்பட்டன. இச்சொற்கள் தவறானவை அல்ல. ஆயினும், அவை கவிதை வாசிப்பிலிருந்து இரவல் பெறப்பட்டவை என்பதை மறத்தலாகாது. 'புரியாத நாடகம்' என்னும் பெயரும் இச்சூழலில்தான் ஒட்டிக்கொண்டது.

பிரதிக்கு உடல் கிடைத்த காலம்

1977-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகள் தமிழ் அரங்கின் போக்கை மாற்றின. 1977-இல் முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அதே ஆண்டில் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிலரங்கு, பேராசிரியர் சே. இராமானுஜம் போன்றோரின் வழிகாட்டுதலில் கல்விப்புலத்தினரையும் எழுத்தாளர்களையும் அரங்கப் பயிற்சிக்கு அறிமுகப்படுத்திற்று. 1978-இல் ஞாநி சென்னையில் பரீக்ஷா குழுவையும், மு. இராமசுவாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தையும் தோற்றுவித்தனர். 1980-இல் வங்க நாடக அறிஞர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கு, மேடையும் ஒப்பனையும் இன்றியே நாடகம் நிகழ்த்தலாம் என்னும் துணிவை இளைஞர்களுக்கு அளித்தது.

இக்குழுக்களின் வரவால், அதுவரை படிக்கப்பட்டுவந்த பிரதிகள் பார்க்கப்படலாயின. பரீக்ஷா மேடையேற்றிய நாடகங்களுள் 'நாற்காலிக்காரர்' ஒன்றாகும். அச்சில் 'நாற்காலி' என்பது ஒரு சொல். உடனே அதனைப் பதவியின் குறியீடு என்று பொருள் கொண்டு கடந்து விடலாம். அரங்கிலோ நாற்காலி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒருவர் அமர்ந்திருக்கிறார்; பிறர் அவரைச் சுற்றி இயங்குகின்றனர். அமர்ந்தவருக்கும் இயங்குவோருக்கும் இடையிலான தொலைவு நொடிக்கு நொடி மாறுகிறது. அரங்கிற்கு எதிரே நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பார்வையாளரும் தம்மை அந்தச் சமன்பாட்டிற்குள் காண நேர்கிறது. இப்பொருள் உரையாடலில் எங்கும் எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. அது இட அமைப்பிலிருந்து பிறப்பது.

கூறியது கூறலும் இத்தகையதே. ஒரே தொடர் பலமுறை வருவதை வாசகர் சலிப்பாக உணரக்கூடும். நடிகர் அதனை வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு உடல்நிலையில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அது வேறொரு செயலாகி விடுகிறது. தெருக்கூத்தில் கூத்தர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் மீண்டும் பாடுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எனினும், ஒப்பீடு வேறு, தாக்கம் வேறு. புரிசை கண்ணப்பத் தம்பிரான் முதலிய கலைஞர்களோடு கூத்துப்பட்டறைக்கு ஏற்பட்ட உறவு தமிழ் அரங்க வரலாற்றின் முக்கியப் பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால், பட்டறை தொடங்கிய பிறகு கிடைத்த கூத்து அனுபவத்தை, அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முன்னரே எழுதப்பட்ட 'காலம் காலமாக'வில் தேடுவது கால முரணாகும். முத்துசாமியின் நாடகங்கள் அனைத்தையும் 'கூத்து மரபு' என்னும் ஒரே சொல்லால் விளக்கிவிடும் வழக்கத்தை ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

நயம் காண்பதற்குரிய அடிப்படைகள்

அரங்கை அளந்து பேசுவது தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை, 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கினை அமைக்கக் கூறுகிறது. வாயில்கள் இரண்டு என்கிறது. மூவகை எழினிகளைச் சுட்டுகிறது. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கேற்றுவதையும் குறிப்பிடுகிறது. நிழல் விழும் இடத்தைக்கூடக் கருதிய மரபினர், நாடகத் திறனாய்வில் இடத்தையும் ஒளியையும் கருதாது விடுவது வியப்புக்குரியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உணர்வு உடலின்வழிப் புலப்படுவதையே பேசுகிறது. இம்மரபின் துணைகொண்டு, குறுநாடகத்தை அணுகும்போது எழுப்பத்தக்க வினாக்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, காலம். குறுநாடகம் ஒரு கதையின் சுருக்கம் அன்று. ஒரு நிலையின் விரிவு. தொடக்கத்தில் இருந்த நிலை இறுதியில் எவ்வாறு மாறியுள்ளது, அன்றி மாற மறுத்துள்ளது என்பதைக் காண வேண்டும்.

இரண்டாவது, வெளி. யார் எங்கே நிற்கின்றனர், எப்பொருள் நடுவில் உள்ளது, எது பார்வையாளர் கண்ணுக்கு மறைக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, உடல். நாடகம் யாருடைய உடலை மேடையில் நிறுத்துகிறது என்பது அழகியல் வினா மட்டுமன்று. சமூக வினாவும் ஆகும். கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' நரபலியைக் கருவாகக் கொண்டு, சாதியால் ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் பெண் மீண்டும் ஒடுக்கப்படுவதைக் காட்டுகிறது. படிக்கும்போது இது ஒரு கருத்தாக நின்றுவிடக்கூடும். மேடையில் பலிக்குரியவராக ஓர் உயிருள்ள உடல் நம்முன் நிற்கும்போது, அதனைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருத்தலே ஒரு பொறுப்பாகி விடுகிறது.

நான்காவது, மௌனம். சொல்லப்படாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் பிரதியின் இடைவெளிகளைக் கொண்டு ஊகிக்கப் பயில வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

இந்நெறிக்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். தமிழ் நவீன நாடகங்களுள் பல, சில நிகழ்வுகளோடு நின்றுபோனவை, ஒளிப்பதிவுகள் அரியவை, எனவே, பிரதி ஒன்றே ஆய்வுக்குக் கிடைக்கும் சான்று என்பது முதல் மறுப்பு. இது உண்மையே. ஆனால், சான்று குறைவு என்பதற்காகப் பொருளையே மாற்றிக்கொள்ளுதல் முறையன்று. இசைக்குறிப்பு மட்டுமே எஞ்சிய பாடலை நாம் இசையாகவே கருதுகிறோம். அதுபோல, பிரதியை நிகழ்த்துக் குறிப்பாகப் படிக்கலாம். வெளி ரங்கராஜன் நடத்திய 'வெளி' போன்ற நாடக இதழ்கள், பார்வையாளர் எழுதிய மதிப்புரைகள், நடித்தோரின் நினைவுகள் ஆகியவை துணைச் சான்றுகளாகும். அந்நடிகர்களுள் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்களுடைய வாய்மொழிப் பதிவுகளைத் திரட்டுவது இன்றைய ஆய்வாளருக்கு உள்ள அவசரப் பணி. முத்துசாமியும் ஞாநியும் 2018-இல் மறைந்துவிட்டனர்.

மேடையில் விளங்கும் என்று கூறி எல்லா இருண்மையையும் நியாயப்படுத்திவிட இயலும் என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது. இதற்கு ஒரு சோதனை உண்டு. பிரதியின் ஒரு பகுதியை இருவேறு அமைப்பில் நடித்துப் பார்க்கும்போது பொருளில் மாற்றம் ஏற்படுமாயின், அங்குள்ள தெளிவின்மை நிகழ்த்துநர்க்கென விடப்பட்ட இடமாகும். எவ்வாறு நடித்தாலும் எதுவும் திறக்கவில்லையெனில், அதனை எழுத்தின் குறை என்றே கொள்ளுதல் வேண்டும். நயம் காணல் என்பது பாராட்டுதல் மட்டுமன்று. குறை காணும் தகுதியும் அதனுள் அடங்கும்.

கல்விப்புலத்திற்கான பயன்

இச்சோதனைக்குப் பெரிய மேடையோ ஒளியமைப்போ தேவையில்லை. வகுப்பறையும் ஒரு நாற்காலியும் போதும். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளி நிலையிலேயே தனிப்பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருவது இங்கு எண்ணத்தக்கது. யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், ஆசிரியராகவும் நாடகாசிரியராகவும் விளங்கியவர். அவருடைய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் போர்ச்சூழலின் நடுவே மக்கள்முன் நிகழ்த்தப்பட்டது. அங்கே கற்றலும் நிகழ்த்தலும் பிரிந்து நிற்கவில்லை. தமிழகத்துத் தமிழ்த்துறைகள் நாடகத் தாளில் நிகழ்த்தல் பயிற்சிக்குச் சிறுபகுதியேனும் ஒதுக்குமாயின், மாணவர் எழுதும் விடைகளும் மாறும். பின்னர் அவர்கள் எழுதும் ஆய்வேடுகளும் மாறும்.

முடிவுரை

படிப்பதற்குரிய நாடகத்தைக் கல்விப்புலம் ஏற்றுக்கொண்டமையால் நாடகத்திற்கும் காப்பிய வாசிப்பு முறையே நிலைபெற்றது. நவீனக் குறுநாடகம் அரங்கிற்கு முன்பே சிறுபத்திரிகையில் தோன்றியமையால் அதற்குக் கவிதை வாசிப்பு முறை வந்து சேர்ந்தது. 1977-க்குப் பின் அரங்கு உருவான பிறகும் இவ்விரு முறைகளும் நீங்கவில்லை. எனவே, குறுநாடகங்கள் புரியாதவை என்னும் கருத்து அவற்றின் இயல்பைக் காட்டிலும் அவற்றை நாம் படித்துவந்த வரலாற்றையே காட்டுகிறது எனலாம். காலம், வெளி, உடல், மௌனம் என்னும் நான்கு வினாக்களோடு அப்பிரதிகளை மீண்டும் அணுகுவதும், நிகழ்த்தியோரின் நினைவுகளை அவை மறைவதற்கு முன் பதிவு செய்வதும் இனிச் செய்யத்தக்கன.