குடுமியும் ஒரு சினிமாப் பாட்டும்

சித்தேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது குயிலோசை என்று எழுத எனக்கும் ஆசைதான். விழுந்ததென்னவோ சினிமாப் பாட்டு. டீக்கடைத் திண்ணையில் நாலைந்து பையன்கள். நடுவில் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்று. காதோரங்களை ஒட்டச் சிரைத்து, உச்சி முடியை மட்டும் நிமிர்த்தி விட்டிருந்தார்கள். தாளத்துக்கு முழங்கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளிப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும். "பாத்தீங்களா சார்? பாட்டக் கேட்டே கெட்டுப்போச்சுங்க பசங்க" என்றார்.

இந்தப் புகாருக்கு வயது இரண்டாயிரத்து முந்நூறுக்கு மேல். கிரேக்க தேசத்து பிளேட்டோ தாம் கற்பனை செய்த லட்சிய நகரத்துக்குச் சட்டம் வகுத்தபோது, வாலிபர்களின் மனத்தை இளக்கிவிடும் சில இசை முறைகளை ஊருக்குள்ளேயே விடக்கூடாது என்றார். வீரத்தையும் அடக்கத்தையும் தரும் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். நம் பாஷையில் சொன்னால், சில ராகங்களுக்கு ஊர்ப் பிரவேசம் கிடையாது! நல்ல வேளையாக அந்த நகரம் புத்தகத்தோடு நின்றது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1934-ல் 'பவளக்கொடி' படத்தில் தோன்றிய எம். கே. தியாகராஜ பாகவதர், 1937-ல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' இரண்டும் வந்த பிறகு, பட்டிதொட்டியெல்லாம் பாடப்படுகிறவராகிவிட்டார். அவர் சாரீரம் எல்லாருக்கும் வாய்க்குமா? சிகை வாய்க்கும் அல்லவா? பின்கழுத்தில் புரளும்படி முடி வளர்த்துக்கொண்டு திரிந்த வாலிபர்கள் எத்தனையோ பேர். 'பாகவதர் கிராப்' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. 1944-ல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனம் போனபடி திரிந்த ஒருவன் திருந்தி, தாய் தந்தையரையே தெய்வமாகக் கொண்டாடுகிற கதை அது. அதைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பெற்றோருக்குப் பாதபூஜை செய்தார்கள் என்று நான் அறியேன். எத்தனை பேர் முடி வளர்த்தார்கள் என்பது முடிதிருத்தும் கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பக்திப் பாட்டு பக்தனாக்கவில்லை என்றால், காதல் பாட்டு மட்டும் காலிப் பயலாக்கிவிடுமா? இது அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

தோன்றாதவர்களில் ஒரு மந்திரியும் உண்டு. 1952-ல் மத்திய சர்க்காரில் செய்தி, ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். ஜனங்களின் ரசனையைச் சினிமாப் பாட்டு கெடுக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். ரேடியோவில் சினிமாப் பாட்டு நேரம் சுருங்கிற்று. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, அது விளம்பரம் என்றார்கள். படமெடுக்கும் முதலாளிகள் கோபங்கொண்டு, பாட்டுகளை ஒலிபரப்ப அளித்த அனுமதியையே ரத்து செய்துவிட்டார்கள். ரேடியோ நிலையங்கள் தாமே ஆள் வைத்து மெல்லிசை தயாரித்தன. அவற்றில் நல்லவையும் இருந்தன. பாவம், அவற்றின் பொல்லாத வேளை.

பையன்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டனின் சேனைக்காகக் கொழும்பில் ஏற்பட்ட ஒலிபரப்பு, யுத்தம் முடிந்தபின் ரேடியோ சிலோன் வசமாயிருந்தது. 1950-ல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. நம் சர்க்கார் கதவைச் சாத்தியதும், இந்தியச் சினிமாப் பாட்டுக்கள் கடல் தாண்டிப்போய் அங்கிருந்து திரும்பி வந்தன. தமிழில் மயில்வாகனத்தின் குரல். ஹிந்தியில் 1952 கடைசியில் அமீன் ஸயானி தொடங்கிய 'பினாகா கீத் மாலா'. அந்த நிகழ்ச்சிக்கு ஒரு வாரத்து ராத்திரியே ஒதுக்கப்பட்டுவிட்டது.

பாட்டு வாலிபர்களின் நடத்தையை மாற்றியது என்றால் இங்கேதான். டீக்கடை வாசலில் நிற்கும் நேரம் மாறிற்று. வீடு திரும்பும் நேரம் மாறிற்று. தபால் கார்டு வாங்கி, வேண்டிய பாட்டைக் கேட்டுத் தம் பெயரையும் சிநேகிதர்கள் பெயரையும் எழுதி அனுப்பினார்கள். பாட்டைவிட, கொழும்பிலிருந்து ஒருவர் தம் பெயரை உச்சரிப்பதைக் கேட்பதுதான் பெரிய சந்தோஷம். வடக்கே ஜும்ரி தலையா என்ற மைக்காச் சுரங்கத்து ஊர், பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியே நாடெங்கும் பிரபலமாயிற்று. வேறெந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு இது அற்ப சமாசாரமா?

சர்க்கார் கடைசியில் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி 'விவித பாரதி' பிறந்தது. முந்தின வருஷம்தான் இங்கிலாந்தில் 'ராக் அரவுண்ட் தி கிளாக்' என்ற படம் ஓடிய கொட்டகைகளில் வாலிபர்கள் எழுந்து ஆடிக் கலாட்டா செய்ய, சில ஊர்களில் அந்தப் படத்தையே தடுத்தார்கள். பாட்டு நின்றதா என்ன?

இத்தனையையும் பெரியவரிடம் சொல்லவில்லை. "உங்க வயசுப் பிள்ளைங்க அப்போ பாட்டே கேக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். சாமை மூட்டையோடு அரூர்ச் சந்தைக்கு இறங்குவார்களாம். ஒரு டீக்கடை ரேடியோவில் சிலோன் வைத்திருப்பார்களாம். ஒரு நாள் பாட்டுக்காக நின்று, கூட வந்தவர்களைத் தவறவிட்டு, ராத்திரியில் தனியாக மலையேறியிருக்கிறார். அடுத்த சந்தைக்குப் போனவர், சினிமா நடிகரைப் போல் கிராப் வெட்டிக்கொண்டு, குடுமியில்லாமல் திரும்பினார்.

"உங்க அம்மா பாடுவாங்களா?"

"களை எடுக்கறப்போ பாடும், கல்யாணம்னா விடிய விடியப் பாடும். எனக்கு ஒண்ணுகூட வராதுங்க. யாரு உட்கார்ந்து கேட்டா?"

அந்தப் பாட்டுகளை எந்த மந்திரியும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் ஒருவேளை நாலு பேர் ஒளிந்திருந்தாவது கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

திண்ணையில் பாட்டு நின்றிருந்தது. பையன்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "குடுமிய வெட்டுனதுக்கு உங்கப்பன் என்னா சொன்னாரு தாத்தா?" என்றான் ஒருவன்.

"மூணு நாளு மூஞ்சியே பாக்கலடா. நாலாம் நாளு ராத்திரி, 'அது என்னா பாட்டு, பாடு பாப்பம்'னாரு."