ஒரு கண் போனால் 50 சதவிகிதமா? மாற்றுத்திறனாளி சான்றிதழில் அந்த எண் எப்படி வருகிறது?

மணமேல்குடி பக்கம் ஒரு கடலோர கிராமம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, அறந்தாங்கியில் மாறி, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பரிசோதனை முடிகிறது. சதவிகிதம் 30 என்று வருகிறது.

"ஒரு கண்ணே போச்சு. ரெண்டுல ஒண்ணுன்னா அம்பதாவது வர வேணாமா?" என்று அப்பா கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு கண் நன்றாக இருந்து, இன்னொரு கண் முழுக்கப் போயிருந்தால் 30 சதவிகிதம் என்பது மத்திய அரசின் மதிப்பீட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. உதவித்தொகைக்கான கதவு திறப்பதோ 40-ல்.

வீட்டில் யாருக்காவது இந்தச் சான்றிதழ் தேவைப்பட்டால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பலர் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம், அங்கே எதை அளக்கிறார்கள் என்று தெரியாமல் போவதுதான்.

அது என்ன 40?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்கின்சன், தலசீமியா, ஹீமோபிலியா, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் பட்டியலுக்குள் வந்தது இந்தச் சட்டத்தில்தான்.

இதே சட்டம்தான் 40 சதவிகிதத்தை ஓர் எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. அரசு வேலையில் 4 சதவிகித இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவிகித இடஒதுக்கீடு, 18 வயது வரை இலவசக் கல்வி எல்லாம் இந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு. 39 என்றால் கோட்டுக்கு வெளியே. ஒரே ஓர் எண்ணில் ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கு மாறிவிடும்.

எந்த எண்ணுக்கு என்ன?

எல்லா உதவிக்கும் ஒரே எண் இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

* 40 சதவிகிதமும் அதற்கு மேலும்: வருவாய்த் துறை மூலம் 18 வயது நிறைந்தவர்களுக்கு வழங்கப்படும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்டது. மற்ற தகுதிகளையும் பார்ப்பார்கள்.
* 75 சதவிகிதமும் அதற்கு மேலும்: மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் இதில் 40 சதவிகிதமே போதும். தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவட பாதிப்பு, பார்கின்சன் போன்றவையும் இதில் தனிப் பிரிவுகளாக இருக்கின்றன.
* 80 சதவிகிதமும் அதற்கு மேலும்: மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு.

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வருவாய்த் துறைத் திட்டத்தையும் நலத்துறைத் திட்டத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது தாலுகா அலுவலகம் சம்பந்தப்பட்டது. இரண்டாவதுக்கு, புதுக்கோட்டை மாவட்டம் என்றால், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

டாக்டர் ஆளைப் பார்த்து, "பாவம், 45 போடலாம்" என்று முடிவு செய்வதில்லை. எதை, எந்தக் கருவியால், எப்படி அளப்பது என்று மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. 2024-ல் அவை புதுப்பிக்கப்பட்டன.

கண்: எவ்வளவு தூரத்தில் எந்த அளவு எழுத்தைப் படிக்கிறீர்கள் என்பது கணக்கு. கவனியுங்கள், கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகு இருக்கும் பார்வையைத்தான் எடுப்பார்கள். கண்ணாடி இல்லாமல் எதுவுமே தெரியாது, போட்டால் நன்றாகத் தெரியும் என்றால் சதவிகிதம் வராது. 6/18 என்றால், மற்றவர்கள் 18 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று அர்த்தம். எழுத்துப் பலகைக் கணக்கில், இரண்டு கண்களுமே 6/18-க்குக் கீழே போனால்தான் 40 தொடங்குகிறது. பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு.

காது: இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. 70 டெசிபல் இழப்பு என்றால் 'காது கேளாதவர்'. நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும் சத்தமே சுமார் 60 டெசிபல்தான். ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் சட்டத்தின் இந்த வரையறைக்குள் வர மாட்டீர்கள். பதில் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு 'பெரா' பரிசோதனை செய்வார்கள். குழந்தையைத் தூங்கவைத்து, சத்தத்துக்கு மூளை நரம்பு எப்படித் துடிக்கிறது என்பதைக் கருவி பதிவு செய்யும்.

கை, கால்: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக் கோணம் அளக்கும் கருவியால் பார்ப்பார்கள். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். கால் குட்டையாகியிருந்தால் டேப்பால் அளப்பார்கள். முதல் அரை இன்ச்சுக்கு எதுவும் இல்லை, அதற்கு மேல் ஒவ்வோர் அரை இன்ச்சுக்கும் 4 சதவிகிதம் என்பது 2018 நெறிமுறைக் கணக்கு. வலிக்கென்று மிகச் சிறிய கூடுதல் மதிப்புதான். 'ராத்திரி தூக்கமே இல்லாத அளவுக்கு வலி' என்றாலும், மூட்டு நன்றாக அசைந்தால் எண் பெரிதாக ஏறாது.

மனநோய்: இதற்கு ஸ்கேன் கிடையாது. 'ஐடியாஸ்' என்ற இந்திய அளவுகோலில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள். தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20-க்கு 7 வந்தால் 40 சதவிகிதம்.

அறிவுசார் குறைபாடு: குழந்தையின் அன்றாடச் செயல்பாடுகளை வைத்து சமூக முதிர்ச்சி அளவைக் கணக்கிடுகிறார்கள். 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவிகிதம், 36 முதல் 54 வரை வந்தால் 75 சதவிகிதம். இதில் பாதித் தகவல் பெற்றோர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

40-ம் 30-ம் சேர்ந்தால் 70 இல்லை!

ஒருவருக்குக் காலிலும் குறைபாடு, காதிலும் குறைபாடு. ஒன்றுக்கு 40, இன்னொன்றுக்கு 30. மொத்தம் 70 என்றுதானே நினைப்போம்? வருவது சுமார் 57.

சூத்திரம் இதுதான். பெரிய எண்ணை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் (40). 90-லிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 50. சிறிய எண்ணான 30-ஐ இந்த 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16.67. அதை 40-ஓடு கூட்டினால் 56.67. முதல் குறைபாடு போக மீதியிருக்கும் திறனிலிருந்துதான் இரண்டாவது குறைபாட்டின் பங்கை எடுக்க வேண்டும் என்பது இதன் தர்க்கம். இது தெரியாததால்தான் "ரெண்டையும் கூட்டக்கூடத் தெரியல" என்று பலர் கோபித்துக்கொண்டு வருகிறார்கள்.

"நல்லாத்தான் இருக்கான் சார்"

மதிப்பீட்டில் எண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய வாய்தான். "பையன் சட்டை பட்டன் தானே போடுவானா?" என்று கேட்டால், "போடுவான் சார், நல்லாத்தான் இருக்கான்" என்று அம்மா சொல்லிவிடுவார். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது. ஆனால் தினமும் காலையில் அந்த பட்டனைப் போட்டுவிடுவது அவர்தான்.

மனநோய்க்கு மாத்திரை எடுப்பவரை, நன்றாக இருக்கும் நாளில், தலைவாரி, புதுச்சட்டை போட்டு அழைத்துப் போவோம். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், அந்தச் சில நிமிடங்களில் டாக்டருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

அதற்காக நடிக்கவும் வேண்டாம். கூட்டிச் சொன்னால் பரிசோதனைக்கும் பேச்சுக்கும் பொருந்தாது, உண்மையான பாதிப்பின் மீதே சந்தேகம் வந்துவிடும். ஏமாற்றிச் சலுகை பெற்றால் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது சட்டம். 2024-ல் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் நாடு முழுக்கச் சர்ச்சையானது நினைவிருக்கும்.

ஒரு சின்ன யோசனை. போவதற்கு முன் ஒரு வாரம், மொபைல் நோட்ஸில் எழுதிவாருங்கள். எந்த வேலைக்கு உதவி தேவைப்பட்டது, எத்தனை முறை விழுந்தார், எந்த நாள் வேலைக்குப் போக முடியவில்லை. கேள்வி வரும்போது அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விண்ணப்பிப்பது எப்படி?

1. 2021 ஜூன் முதல் சான்றிதழ் ஆன்லைன் வழியாகத்தான். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யூடிஐடி அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். மொபைலிலேயே முடியும். முடியாதவர்கள் மாவட்ட நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.
2. ஆதார், 6 மாதத்துக்குள் எடுத்த போட்டோ, முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.
3. பழைய மருத்துவச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆடியோகிராம் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். 'எத்தனை வருடமாக?' என்ற கேள்விக்கு இவைதான் சாட்சி.
4. விபத்து, பக்கவாதம் என்றால் சிகிச்சையும் பிசியோதெரபியும் முடிந்து, நிலைமை ஸ்திரமான பிறகு போங்கள்.
5. புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். அவ்வப்போது நடக்கும் மருத்துவ முகாம்கள் பற்றி நல அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் துறை நடத்தும் முகாம்கள் தனி. பஸ் மாறி அலைவது மிச்சமாகும்.
6. 2024-ல் திருத்தப்பட்ட விதிப்படி, விண்ணப்பத்தின் மீது 3 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

அட்டையில் இருக்கும் நிறக்கோட்டிலேயே அளவு தெரியும். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. 'நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு ஆகும்' என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

40-க்குக் கீழே வந்துவிட்டால்?

சான்றிதழ் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தர வேண்டும் என்பது விதி. வாய்மொழியாக "இல்லம்மா, வராது" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுதி வாங்குங்கள். முடிவில் உடன்பாடு இல்லை என்றால், சட்டத்தின் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். அங்கும் நகரவில்லை என்றால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம்.

40 வரவில்லை என்பதால் உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. 2021-ல் விகாஷ் குமார் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எழுதும்போது கை இறுகிவிடும் பிரச்னை அவருக்கு. சதவிகிதம் வெறும் 6. ஆனாலும் யூ.பி.எஸ்.சி தேர்வில் அவருக்குப் பதிலாக எழுத ஆள் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 தேவை, தேர்வில் உதவி கேட்க அது தேவையில்லை என்றது நீதிமன்றம். 2024 அக்டோபரில் ஓம்கார் ராம்சந்திர கோண்ட் என்ற மாணவரின் வழக்கு. பேச்சுக் குறைபாடு சதவிகிதம் அதிகம் என்று அவருக்கு எம்.பி.பி.எஸ் இடம் மறுத்திருந்தார்கள். எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

மணமேல்குடி அப்பா கதைக்கே வருவோம். இன்றைக்கு அவருக்கு 30-தான். ஓய்வூதியம் கிடைக்காது. ஆனால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக வையுங்கள். நாளைக்கு இன்னொரு கண்ணிலும் பார்வை குறைந்தாலோ, காதும் சேர்ந்து பாதித்தாலோ, மறுபடி மதிப்பீட்டுக்குப் போகலாம். அப்போது பழைய பதிவு கைகொடுக்கும். அதற்கு முன்னால் முக்கியமான ஒன்று, மிச்சமிருக்கும் அந்த ஒரு கண்ணைத் தவறாமல் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இருங்கள். எந்த உதவித்தொகையையும்விட அதுதான் அவருக்குப் பெரிசு.