சான்றிதழும் சாமையும்: உயர்விலை இயற்கை அங்காடிகளின் நிலைப்பு குறித்து ஒரு மறுப்பு

கொல்லிமலைச் சிறுதானியங்களைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு கருத்து ஏறத்தாழ முடிந்த முடிபாகவே நடமாடுகிறது. மலையில் சாமையும் தினையும் அழியாதிருக்க வேண்டுமானால், நகரத்தில் வசதியுள்ளவர்கள் அவற்றைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். அவர்கள் நம்பி வாங்குவதற்கு இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கிடைத்துவிட்டால் உயர்விலை அங்காடி நிலைக்கும். அங்காடி நிலைத்தால் சாமையும் நிலைக்கும். இந்தத் தொடரின் தொடக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. கூடுதல் விலை கிடைக்காமல் எந்த உழவரும் சாமை விதைக்கப்போவதில்லை. பிழை, சான்றிதழுக்கும் அங்காடிக்கும் போடப்பட்ட முடிச்சில் இருக்கிறது. அங்காடியைக் காப்பதாகச் சொல்லப்படும் சான்றிதழே அதன் சரக்கை மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டின் அலமாரிக்குக் கொண்டுசேர்க்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிடச் சோளக்காட்டிலிருந்து பார்ப்பது நல்லது. கொல்லிமலையின் அடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர் செம்மேட்டுக்கு முன் கடக்கும் ஊர் இது. பலா, வாழை, அன்னாசி, மிளகு என்று மலைச் சரக்கு இதன் சந்தையில் கைமாறுகிறது. மரவள்ளிக் கிழங்கு லாரியேறி அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மரவள்ளி வந்து சாமைக் காட்டைப் பிடித்த கதையும், 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கும் ரேஷன் அரிசி மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் உலையை மாற்றிய கதையும் துறையினர் அறிந்தவை. அவற்றிலிருந்து இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். மலைமேல் சாமைக்கு எதிரே நிற்பது விலையே இல்லாத அரிசி. ஆகவே வீட்டுத் தேவைக்கு மேல் விளையும் சாமை விலைபோக வேண்டுமானால் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். இறங்கிய இடத்தில் அது முதலில் சந்திப்பது வாடிக்கையாளரை அன்று, சட்டத்தை.

அந்தச் சட்டம், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017 டிசம்பரில் வெளியிட்டு, 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இயற்கை உணவு ஒழுங்குமுறை விதிகள். இவ்விதிகளின்படி ஒரு பொருளை ‘ஆர்கானிக்’ என்று சொல்லி விற்க இரண்டு வழிகளில் ஒன்றில் சான்று பெற்றிருக்க வேண்டும். ஒன்று, வணிக அமைச்சகத்தின் கீழ் அபேடா நடத்தும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். மற்றது, வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். இந்தியா. இதில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே விதிகளில் ஒரு விலக்கு உண்டு. சிறு உற்பத்தியாளரோ அவர்களது அமைப்போ கடைசி நுகர்வோரிடம் நேரடியாக விற்றால் இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது, ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் பொட்டலத்தில் போடக் கூடாது, நிபந்தனைகள் இவை. சிறு உழவரிடம் வாங்கித் திரட்டி விற்கும் இடையாளருக்கும், ஆண்டு விற்றுமுதல் 50 லட்சத்துக்கு மிகாதவரை, 2020 ஏப்ரல் என்று கெடு வைத்து ஒரு தளர்வு தரப்பட்டது.

முந்தைய ஆய்வு மரபு இந்த விலக்கை ஏழை உழவருக்குக் காட்டிய சலுகையாக மட்டுமே வாசிக்கிறது. சான்றிதழ்க் கட்டாயத்தை நுகர்வோர் பாதுகாப்பாக வாசிக்கிறது. போலிச் சரக்கு வடிகட்டப்படுவதால் நேர்மையான அங்காடி ஆதாயமடையும் என்பது அந்த வாசிப்பின் முடிவு. விதியின் சொற்களுக்கு இந்தப் பொருள் பொருந்தும்தான். ஆனால் விதி எந்த இடத்தில் கோடு கிழிக்கிறது என்பதை இந்த வாசிப்பு பார்க்கத் தவறுகிறது.

சோளக்காட்டுச் சந்தையில் ஓர் உழவர், தான் உரமிடாமல் விளைவித்த சாமையைச் சுற்றுலா வந்தவரிடம் விற்கிறார் என்று கொள்வோம். அவர் சொல்லே போதும் என்கிறது விதி. அதே சாமையை அதே உழவரிடம் வாங்கிக்கொண்டு சேலத்தில் ஒருவர் கடை வைக்கிறார். அவர் காட்டுக்கே போய்ப் பார்த்தவராக இருக்கலாம். பத்து ஆண்டாக அந்தக் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவராகவும் இருக்கலாம். கெடு வைத்துத் தந்த அந்தத் தளர்வை விட்டால், இந்த அறிமுகத்துக்கு விதியில் மதிப்பே இல்லை. ஆக, நேரில் அறிந்த நம்பிக்கை என்ற ஒன்று உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அந்த நம்பிக்கை ஒரு கை மாறியவுடன் செத்துவிடுவதாகவும் அதே மூச்சில் தீர்ப்பளிக்கிறது. அதற்குப் பிறகு சட்டத்துக்குத் தெரிந்த நம்பிக்கை முத்திரை ஒன்றுதான்.

இயற்கை அங்காடி தொடக்கத்திலிருந்து விற்றுவந்தது அந்த ஒரு கை தாண்டிய நம்பிக்கையைத்தான். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு ஊருக்கு ஊர் கடை திறந்தவர்கள் முத்திரையைக் காட்டி வாடிக்கையாளரைச் சேர்க்கவில்லை. இன்னாருடைய நிலம், இன்ன விதை, இன்ன மாதம் அறுத்தது என்று சொல்லிச் சேர்த்தார்கள். அந்தச் சொல்லின் இடத்தில் முத்திரை வந்து உட்கார்ந்தபின் கடைக்காரரிடம் அவருக்கே உரியது என்று என்ன மிஞ்சும்? முத்திரை யார் கையிலும் ஒன்றுதான். பத்துக்குப் பத்தடிக் கடையில் இருக்கும் பொட்டலத்துக்கும் இருநூறு கிளைகள் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் பொட்டலத்துக்கும் அதே படம். முத்திரை சமமாகிவிட்டால் விலைதான் பேசும். விலையில் சிறியவர் தோற்பார்.

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு குழுவுக்குச் சான்றிதழ்ச் செலவு ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று டன் சாமை விற்கும் குழுவுக்கு அது கிலோவுக்கு 10 ரூபாய். முந்நூறு டன் திரட்டும் நிறுவனத்துக்கு அதே தொகை கிலோவுக்கு 10 காசு. பெரிய நிறுவனத்துக்குச் செலவு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் சரக்கு நூறு மடங்கு கூடும்போது செலவும் நூறு மடங்கு கூடுவதில்லை. பி.ஜி.எஸ். வழியில் பணச்செலவு குறைவு என்று ஒரு மறுப்பு வரலாம். குறைவுதான். ஆனால் கொல்லிமலைக் குடும்பம் பலவும் மேட்டுச் சரிவில் உரமின்றிச் சாமையும் கீழே உரமிட்டு மரவள்ளியும் வைத்திருக்கிறது. நிலத்தைப் பிரித்துக் காட்டி, ஆவணம் எழுதி, கூட்டத்துக்குப் போய் வருவதற்கான கூலி நாள்களை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

என் வாசிப்பு சரி என்றால், முத்திரை முறை முதிர்ந்த நாடுகளில் இதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும். தெரிகிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் ஆர்கானிக் தரவிதி 2002 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 1980இல் ஆஸ்டின் நகரில் தொடங்கிய ஹோல் ஃபுட்ஸ் அப்போது அந்தத் துறையின் அடையாளமாக இருந்தது. 2006இல் வால்மார்ட் ஆர்கானிக் சரக்கைப் பெருக்கப்போவதாக அறிவித்தது. 2015இல் காஸ்ட்கோ ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் ஆர்கானிக் பொருள் விற்று ஹோல் ஃபுட்ஸை முந்திவிட்டதாகப் பங்குச்சந்தை ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2017இல் ஹோல் ஃபுட்ஸையே 1,370 கோடி டாலருக்கு அமேசான் வாங்கியது; வாங்கிய கையோடு விலையைக் குறைத்தது. தரவிதி மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு முத்திரை இல்லாதிருந்தால் வால்மார்ட்டின் அலமாரியில் இருக்கும் ஆர்கானிக் பாலை ஒருவர் எதை நம்பி வாங்கியிருப்பார்? இந்தியாவிலும் இந்த ஓட்டம் தொடங்கிவிட்டது. 24 மந்த்ரா என்ற பெயரில் விற்கும் ஸ்ரெஸ்டா நிறுவனத்தை 472.5 கோடி ரூபாய் வரை கொடுத்து வாங்குவதாக ஐ.டி.சி. 2025 ஏப்ரலில் அறிவித்தது.

அப்படியானால் சிறிய அங்காடிக்கு வழியே இல்லையா? இருக்கிறது, அது முத்திரை பேசாத இடத்தில் இருக்கிறது. சாமை அரிசியையே எடுத்துக்கொள்வோம். நன்றாகத் தீட்டியதை ஒரு கையிலும் உமி மட்டும் நீக்கித் தவிட்டோடு விட்டதை மறு கையிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முன்னது வெள்ளையாக, வழவழப்பாக, விரல் இடுக்கில் நழுவும். பின்னது பழுப்பேறி, சற்றுச் சொரசொரப்பாக, லேசாகத் தவிட்டு மாவை உள்ளங்கையில் விட்டுச் செல்லும். அந்தத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. உமியை நீக்கியபின் காற்றுப்பட்டு அது கெடத் தொடங்கும். சில வாரங்களில் காறல் வாடை வரும், வண்டும் விழும். உமியோடு இருக்கும் சாமையோ குதிரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சூப்பர் மார்க்கெட்டின் சரக்கு கிடங்கில் சில மாதம், லாரியில் சில நாள், அலமாரியில் சில மாதம் இருந்தாக வேண்டியது. ஆகவே அது தீட்டிய அரிசியையே நாடும். இரண்டு பொட்டலத்திலும் ஆர்கானிக் முத்திரை இருக்கலாம். இரண்டும் சட்டப்படி சரி. எப்போது உமி நீக்கியது, எவ்வளவு தீட்டியது என்பதை அந்த முத்திரை சொல்லாது.

விதையும் அப்படித்தான். கொல்லிமலையில் சாமை என்பது ஒரே பயிர் அன்று. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என்று பலவகை. தினையில் செந்தினை, பெருந்தினை. கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. இவற்றை மீட்டுப் பேணுவதிலும், பெண்களின் உரல்பாட்டைக் குறைக்கும் உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்ததிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து செய்துவரும் பணியைத் துறையினர் நன்கு அறிவர். ஆனால் நகரத்துக்கு வரும் பொட்டலத்தில் ‘சாமை’ என்ற ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. பெயர் ஒன்றானவுடன் சமவெளியில் எங்கோ விளைந்த மலிவுச் சாமைக்கு இது மாற்றாகிவிடுகிறது. வகை வகையாகச் சில மூட்டைகள் மட்டும் வரும் சரக்கை இருநூறு கிளைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கொடுக்க முடியாது. சூப்பர் மார்க்கெட் இதைத் தொடாததற்கு அதுவே காரணம். முந்தைய ஆய்வுகள் குறையாகப் பட்டியலிட்ட சிறு அளவும் சீரின்மையும்தான் சிறிய அங்காடிக்கு உள்ள ஒரே அரண் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ‘உயர்விலை’ என்று நாம் பேசுவது இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. குளிர்சாதனக் கூடம், இறக்குமதிக் கினோவா, கண்ணாடிக் குடுவை ஆகியவற்றின் விலை ஒன்று. சிறிது சிறிதாக உமி நீக்கி, கல் பார்த்து, புடைத்து, கெடுமுன் விற்க ஆகும் செலவு மற்றொன்று. நூறு கிலோ சாமையை உமி நீக்கினால் அரிசி அறுபது எழுபது கிலோதான் தேறும். அதிலும் குருணை போகும். முதல் வகை அங்காடி மலிவுப் போட்டியில் விழும்; அதற்காக வருந்த எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டாவது வகை நிற்கும், நிற்கவும் வேண்டும்.

நம்மவர்கள் விலை மட்டுமே பார்ப்பவர்கள் என்ற மறுப்பு உண்டு. விலை குறைவே கடையைக் காக்கும் என்றால் சுபிக்ஷா இன்று இருந்திருக்க வேண்டும். 1997இல் சென்னையில் தொடங்கி நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கிளைகள் வரை விரிந்த அந்த மலிவு விலைச் சங்கிலி 2009இல் மூடிப்போயிற்று. இணைய வணிகம் வந்துவிட்டதால் கடை என்ற பேச்சே பழசு என்பாரும் உண்டு. கைபேசியில் வாங்கினாலும் சாமைத் தவிட்டுக்குக் காறல் வராமல் போகாது. ஒரு மலையின் சான்றைக் கொண்டு எல்லா இயற்கை அங்காடிக்கும் விதி எழுதலாமா என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. எழுதக் கூடாது. காய்கறிக்கும் எண்ணெய்க்கும் இந்த வாதம் வேறு வடிவம் எடுக்கும். ஆயினும் உமியுள்ள சிறுதானியம் எதற்கும், சாமை, தினை, வரகு, பனிவரகு ஆகிய நான்குக்குமேனும், இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே செய்ய வேண்டியவை சிலவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். சோளக்காட்டிலிருந்து கீழிறங்கும் பொட்டலம் ஒவ்வொன்றிலும் வகையின் பெயர், விளைந்த நாட்டின் (கொல்லிமலையின் உட்பிரிவின்) பெயர், உமி நீக்கிய தேதி ஆகிய மூன்றும் அச்சிடப்பட வேண்டும். அங்காடிகள் சாமையை உமியோடு வாங்கி வைத்துத் தம் ஊரிலேயே வாரத்துக்கு வாரம் உமி நீக்கி விற்கப் பழக வேண்டும். உழவரிடம் நேரே வாங்கி விற்கும் சிறு கடைகளுக்கு 2020 ஏப்ரல் வரை என்று கெடு வைத்துத் தந்த தளர்வை, 50 லட்ச வரம்போடு, கெடு இல்லாத நிரந்தர விதியாக ஆணையம் மாற்ற வேண்டும்.