வெயிலை எழுதிய கண்ணாடிக் கோளம்

நேற்று எவ்வளவு நேரம் வெயில் அடித்தது என்று ஒருவர் வினவினால், நம்மில் எவரால் துல்லியமாக விடை பகர இயலும்? நிழற்கடிகாரம் வெயில் உள்ளபோது நேரத்தைக் காட்டும். முகில் மறைத்ததும் மௌனமாகிவிடும். எவ்வளவு நேரம் காய்ந்தது, எவ்வளவு நேரம் மறைந்தது என்ற கணக்கை அது வைப்பதில்லை. அக்கணக்கை வைக்கும் கருவியின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு அல்ஹைதம், பதினோராம் நூற்றாண்டிலேயே எரிக்கும் கோளத்தைப் பற்றித் தனி நூல் ஒன்று இயற்றினார். கண்ணாடிக் கோளத்துள் நுழையும்போது ஒரு முறையும், வெளியேறும்போது மறு முறையும் கதிர் வளைந்து குவிவதை அவர் ஆராய்ந்தார். பின்னர் பாரசீக அறிஞர் கமாலுத்தீன் அல்பாரிஸி அந்நூலுக்கு விளக்கம் எழுதினார். நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை மழைத்துளிக்கு ஒப்பாகக் கொண்டு வானவில்லின் தோற்றத்தையும் விளக்கினார்.

எரிக்கும் கோளத்தை எழுதும் கோளமாக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் பிரான்சிஸ் காம்பெல். மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த கேலிக் மொழிக் கதைகளைத் திரட்டிப் புகழ்பெற்றவர் இவர். 1853 ஆம் ஆண்டில், மரக் கிண்ணம் ஒன்றினுள் நீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்தை வைத்தார். கதிரவன் நகர நகர, குவிந்த ஒளி மரத்தைக் கருக்கிக்கொண்டே சென்றது. ஆயினும் பல நாள்களின் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தமையால், ஒவ்வொரு நாளின் கணக்கையும் பிரித்தறிவது கடினமாயிற்று.

1879 இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இக்குறையை நீக்கினார். மரத்திற்குப் பதிலாக உலோகக் கிண்ணம். அதில் நேரம் குறித்த அட்டையைச் செருகும் பள்ளங்கள். கோடைக்கு நீண்டு வளைந்த அட்டை, குளிர்காலத்திற்குக் குறுகி வளைந்த அட்டை, பகலும் இரவும் சமமாகும் காலத்திற்கு நேரான அட்டை. நாள்தோறும் புதிய அட்டை. கருகிய கோட்டின் நீளமே வெயில் காய்ந்த நேரம். இதற்குக் கடிகாரமும் வேண்டியதில்லை. கதிரவனே கடிகாரம், அவனே எழுத்தாணி!

எனினும் இச்சாட்சியத்திலும் பிழை உண்டு. காலை இளவெயில் அட்டையைக் கருக்குவதில்லை. முகில்கள் விட்டுவிட்டு ஓடும் நாளில், தீய்ந்த புள்ளிகள் பரவி ஒன்றாகி, இல்லாத வெயிலையும் இருந்ததாகக் காட்டும். அட்டையின் ஈரத்தைப் பொறுத்து, கருகத் தொடங்கும் கதிர்வலிமை சதுர மீட்டருக்கு 70 வாட் முதல் 280 வாட் வரை வேறுபடும். ஆதலின் உலக வானிலை அமைப்பு 1962 இல் ஒருவகைக் காம்பெல்–ஸ்டோக்ஸ் கருவியை ஒப்பீட்டு அளவாக ஏற்றது. பின்னர், நேர்க்கதிரின் வலிமை 120 வாட்டைக் கடந்தாலே வெயில் என்று வரையறுத்தது.

இன்று மின்னணு உணரிகள் அவ்விடத்தைப் பெற்றுவருகின்றன. ஆனால் கருவி மாறினால் கணக்கும் மாறும். பழையதையும் புதியதையும் சில காலம் அருகருகே வைத்து ஒப்பிடாவிடில், வானம் மாறியதா, கருவி மாறியதா என்பது விளங்காது. 1950களிலிருந்து 1980கள் வரை உலகின் பல பகுதிகளில் நிலத்தை எட்டிய கதிரொளி குறைந்ததை ஆய்வோர் உணர, அந்தப் பழைய அட்டைகளின் கணக்கும் துணைநின்றது அன்றோ!

நாள்தோறும் அட்டையை மாற்றி, கருகிய கோட்டை நேர்மையாக அளந்து குறித்த பெயரறியா ஊழியர்களை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். அவர்கள் விட்டுச்சென்ற கணக்கு நம்மிடமுள்ள அமானிதம். அதைப் பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதே நம் கடமை.