வெண்புள்ளியும் வெயிலும்

கார்போகரிசியைப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பது நம் நாட்டில் வெண்புள்ளிக்கான மிகப் பழைய வைத்தியம். மேற்கேயும் இதே யோசனை இருந்தது. 13ஆம் நூற்றாண்டு மூலிகை அறிஞர் இப்னு அல்-பைத்தார், வட ஆப்பிரிக்கப் பழங்குடியினர் ஒரு செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் காய்ந்ததை எழுதி வைத்தார். இரண்டு விதைகளிலும் இருந்தது சோராலென் வகைச் சேர்மம்தான். வெயில் படும்வரை அது சும்மா கிடக்கும். பட்டதும் தோலைச் சுடும், நிறமிச் செல்களையும் தூண்டும்.

அந்த வட ஆப்பிரிக்கச் செடியிலிருந்து இந்தச் சேர்மம் 1947இல் எகிப்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கெய்ரோவில் மருத்துவர் எல் மோஃப்டி அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் அமெரிக்க மருத்துவர்கள் வெயிலுக்குப் பதில் புற ஊதா விளக்கை வைத்து, சொரியாசிஸுக்கு ‘பூவா’ சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். பலன் உண்டு. ஆனால் நெடுநாள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயமும் உண்டு. பிறகு, சோராலென் மாத்திரையே தேவைப்படாத 311 நானோமீட்டர் ஒளி அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

உண்மையான திருப்பம் வேறு. வெண்புள்ளி, உடலின் எதிர்ப்புச் செல்களே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது. தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘வெண்குஷ்டம்’ என்ற பெயர்தான் எத்தனையோ கல்யாணங்களைக் கெடுத்தது. எதிர்ப்புச் செல்களின் அந்தத் தாக்குதலுக்கான சமிக்ஞையைத் தடுக்கும் ருக்ஸோலிட்டினிப் களிம்புக்கு 2022 ஜூலையில் அமெரிக்கா அனுமதி தந்தது. வெண்புள்ளியில் நிறத்தை மீட்க அங்கே அனுமதி பெற்ற முதல் களிம்பு இது. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும்.

கார்போகரிசி இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. நீங்களாகப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், தோல் கொப்பளித்துவிடும்.